கோர்ட் கம்ப்யூட்டரில் அப்பா பேர்

அமெரிக்காவில், டல்லாஸ் பக்கத்துக் கவுண்ட்டி கோர்ட்டில் ஒரு நகல் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். யார் வேண்டுமானாலும் கேஸ் தேடிப் பார்க்கலாம் என்று ஓரமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரும், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும். பெரியவருடைய மகனின் சிநேகிதர் போலிருந்தது. பெரியவர் சொன்னது காதில் விழுந்தது.

“அவன் பேர் இதுல இருந்துட்டா தேவலை தம்பி.”

“என்ன அங்கிள், அரெஸ்ட் ரெக்கார்டுல போய்...”

“தீபாவளியிலேர்ந்து போன் இல்ல. வீட்டையும் காலி பண்ணிட்டான். இதுல இருந்தா, எங்கயோ உசிரோட இருக்கான்னுதானே அர்த்தம்.”

“இங்க லாஸ்ட் நேம் வெச்சுதான் தேடணும் அங்கிள். அவனுக்கு லாஸ்ட் நேம் உங்க பேர்தான்.”

“அடிங்க.”

சிநேகிதர் பெரியவரின் பேரைத் தட்டித் தேடினார்.

“இருக்கு அங்கிள். டேட் ஆஃப் பர்த்தும் மேட்ச் ஆகுது. லைசன்ஸ் சஸ்பெண்ட் ஆனப்புறம் டிரைவ் பண்ணியிருக்கான். போன மாசம்தான். பெயில்ல விட்டுட்டாங்க. சின்ன கேஸ்.”

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“நீ எனக்கு அப்பாவே இல்லன்னு சொல்லிட்டு போனை வெச்சவன் தம்பி. போலீஸ் கேட்டப்போ என் பேரைத்தானே சொல்லியிருக்கான்.”

லைசன்ஸில் இருக்கும் பேரைப் பார்த்துத்தான் இங்கே போலீஸ் எழுதிக்கொள்ளும். அது சிநேகிதருக்கும் தெரியாமலிருக்காது.

“ஆமா அங்கிள்,” என்றார். “உங்க பேரைத்தான் சொல்லியிருக்கான்.”