கொரியாவில் விளையாடாவிட்டால் திட்டு

மாட்டுங்கா லேபர் கேம்ப் பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

“கொரியாவுல பிள்ளையள் மொபைல்ல கேம் வெளாடலன்னாத்தான் திட்டுவாங்களாம், மதினி” என்றாள் இளையவள்.

“யாருட்டி சொன்னா?”

“எம்மவதான். நேத்து கேம்ல கொரியாக்காரப் பிள்ளையள்ட்ட தோத்துட்டா. பாதியில நான் திட்டுனதாலதான் தோத்தாளாம். அங்க ஹாஸ்டல்ல வச்சு, கோச்சும் போட்டு, காலையிலயே எழுப்பி வெளாட வைக்காங்களாம். நாம டைம்பாஸுங்கோம், அங்க அது டியூட்டியாம்.”

“அப்ப படிப்பு?”

“அதக் கேட்டா முழிக்கா.”

மூத்தவள் யோசித்தாள். “அந்தப் பிள்ளையள் வார்டனுக்குத் தெரியாம புத்தகத்தப் போர்வைக்குள்ள வச்சுப் படிக்குமோ?”

இருவருமே சிரிக்கவில்லை.

“இன்னைக்கு அந்த கேம் டீமுக்கு ஆள் எடுக்காங்களாம். இந்நேரம் வெளாடிட்டுத்தான் இருப்பா” என்று இளையவள் மகளுக்கு ஃபோன் போட்டாள். “ஏட்டி, என்ன செய்யுத?”

பதிலைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“படிக்காளாம், மதினி. இப்ப நான் திட்டணுமா, வேண்டாமா?”

பஸ் வந்து நின்றது. மதினி ஏறாமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.