நூறு தோட்டா, ஒரு தவளை

அந்தக் கதைய நான் நம்பலைன்னுதான் சொல்றேன் தம்பி. இன்னைக்கு நேத்து இல்ல, ஒம்போது வருஷமா நம்பல. ஆமா, நீங்க படிச்சிட்டுச் சிரிக்கறீங்களே, அந்தப் பலகைல இருக்கறதுதான். டெல்மர் குரூம்ஸ், தவளை, நூறு தோட்டா, துப்பாக்கில சிக்கினது சைபர். கீழ கையெழுத்து வேற.

கொஞ்சம் அந்தத் துப்பாக்கி மூக்க மண்மேட்டுப் பக்கமா திருப்பி வச்சுக்குங்க. காலியாத்தான் இருக்கும், தெரியும். இந்தக் கிளப்புல இதுவரைக்கும் மூணு வண்டிக் கண்ணாடி உடைஞ்சிருக்கு, மூணும் காலித் துப்பாக்கிதான் உடைச்சுது.

எங்க வாங்கினீங்கன்னு நான் சொல்லட்டா? இமோஜீன் அம்மா அடகுக்கடை. கிட்டாருக்கும் தூண்டிலுக்கும் நடுவுல கண்ணாடிப் பெட்டி. இது பாக்கத்தான் அசிங்கம் கண்ணு, சுட்டா தங்கம்னு சொல்லிருப்பாங்களே? எனக்கும் அதேதான் சொன்னாங்க. பதினோரு தடவ.

தோட்டா இல்ல தம்பி, பதினோரு துப்பாக்கி. எல்லாம் இதே தவளைதான். கம்பெனிக்காரன் வச்ச பேரு அந்த டப்பாவுல நீளமா இருக்கும், அதை யாரும் சொல்றதில்ல. உக்காந்திருக்கற மாதிரியே இருக்குல்ல, கழுத்தே இல்லாம? அதான் தவளை. கைல எடுத்தா கனம் ஆள இழுக்குது. தோட்டா தீந்து போச்சுன்னா தூக்கி எறியலாம், அதுக்கு நல்ல ஆயுதம்.

முதல் தவளை ஏழாவது தோட்டாவுல குறி பாக்கற முனைய மேட்டுக்கே அனுப்பி வச்சுது. குண்டு எங்க போச்சுன்னு தெரியல, முனை நட்டநடுவுல போய் குத்திக்கிட்டு நின்னுச்சு. ரெண்டாவது, கைப்பிடிக்குள்ள இருந்த தோட்டாப் பெட்டிய என் கால் மேலயே போட்டுச்சு. அஞ்சாவதுல விசைய அழுத்தினேன், போனது போனதுதான், திரும்பி வரவே இல்ல. இமோஜீன் அம்மாகிட்ட கொண்டு போனா, நீ ரொம்ப ஆசையா அழுத்திட்டப்பா கார்லிஸுங்கறாங்க.

ஏழாவது நான் வாங்கினது இல்ல. என் பொறந்தநாளைக்கு ரோவீனா வாங்கிக் குடுத்தது. ரோவீனா என் சம்சாரம். நீல ரிப்பன் கட்டி, தட்டுல கேக் வச்சு, பக்கத்துல தவளை. உனக்குத்தான் இந்தச் சனியன் மேல உசுராச்சேன்னு கன்னத்துல ஒரு தட்டு தட்டினா. நான் தட்டத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சேன்.

அதுக்கு அப்புறம் வர்றேன். நீங்க தோட்டாவ அடைங்க. ஏழுக்கு மேல திணிக்காதீங்க, எட்டுன்னு போட்டிருப்பான், அது அவன் ஆசை.

இந்தப் போட்டிய வச்சதே நாங்கதான். அக்டோபர் முதல் சனிக்கிழமை, ஓட்டைச் சனிக்கிழமைன்னு பேரு. நூத்தம்பது டாலருக்கு மேல போகாத துப்பாக்கி ஒண்ண எல்லாரும் வாங்கிட்டு வரணும். துடைக்கக் கூடாது, எண்ணெய் போடக் கூடாது, நூறு தோட்டா சுடணும். எத்தன தடவ தோட்டா உள்ள சிக்குதுன்னு ஒருத்தர் உக்காந்து கோடு போடணும். அந்தா, உங்க வலது கைப் பக்கம், ரெண்டடி பின்னால, காங்கிரீட்ல நட்டு வச்சிருக்கே பழைய டிராக்டர் சீட்டு, அதுதான் கணக்கெழுதற ஆளுக்கு. தோத்தவன் எல்லாருக்கும் பீன்ஸும் சோளரொட்டியும் போடணும். இருவது வருஷத்துல இருவது தடவைக்குக் கீழ சிக்கின தவளை ஒண்ணுகூட இல்ல. டெல்மர் ஒருத்தனுக்கு மட்டும் சைபர்.

டெல்மர் யாரா? டயர் கடை வச்சிருக்கான், எங்க கிளப்புத் தலைவர். சின்ன வயசுலேர்ந்து என் கூட்டாளி. நல்லவன்தான். ஒரு சாவு வீட்டுல விட்டீங்கன்னா பொணத்தத் தவிர எல்லாரையும் சிரிக்க வச்சிட்டு வந்துடுவான். ரோவீனாவுக்கு அவன் வாயத் தொறந்தாலே சிரிப்பு. நான் அதே ஜோக்க வீட்டுல வந்து சொன்னா, உப்பு எடுத்துக் குடுங்கறா.

அந்த சைபர் விழுந்த வருஷம், கடல் பக்கம் அடிச்ச புயலோட வால் இங்க வந்து மூணு நாளா ஊத்துது. பாலம் முங்கிப் போச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் ஒருத்தனும் வரல. இந்தப் பக்கம் நாங்க மூணு பேர்தான். நான் கிட்னில கல்லோட கட்டில்ல உருண்டுக்கிட்டு இருக்கேன். செயலாளர் நான்தான், கணக்கு நான் எழுதணும். மழையோ பனியோ சனிக்கிழமைய விடக் கூடாதுன்னு சட்டம் எழுதினதும் நான்தான். அறிவாளி. நீ படு கார்லிஸு, நான் போய் அந்தக் கோட்டப் போட்டுட்டு வந்துடறேன்னு ரோவீனா சாவிய எடுத்துக்கிட்டா. போ, சட்டம் சட்டம்தான்னு நானே சொன்னேன்.

ஆமா, அந்தக் கையெழுத்து அவளோடதுதான்.

இப்ப சிரிப்பு நின்னு போச்சு பாருங்க. இல்ல இல்ல, சிரிங்க, நானே சிரிச்சேன். சாயங்காலம் வந்து, டெல்மரோட தவளை நூறும் சுட்டுடுச்சு, ஒரு தடவகூட சிக்கலன்னா. கல்லு வலியிலயும் சிரிச்சேன். அப்புறம் மருந்து மயக்கம் தெளிஞ்சது. ரெண்டு பேரு, கொட்டற மழை, தகரக் கூரை, ஒரு தவளை. தவளை சிக்காது. சிக்காத தவளை உலகத்துல இல்ல. அப்ப ஒரு மணி நேரம் அங்க என்ன நடந்துச்சு?

டெல்மர்கிட்ட கேக்காமலா? அந்தத் துப்பாக்கிய ஒரு தடவ காட்டுடான்னேன். அடுத்த வாரமே ஒருத்தனுக்கு மரம் அறுக்கற ரம்பத்துக்கு மாத்திக் குடுத்துட்டேன்டாங்கறான். ஊருக்கே ஒரு அதிசயத் துப்பாக்கி கிடைக்குது, இவன் அதைக் குடுத்து ரம்பம் வாங்கறான். எப்படிடா சிக்காம சுட்டேன்னு கேட்டா, அன்பா பேசிப் பழகணும்டா கார்லிஸுங்கறான். எதுகிட்டடா அன்பாப் பேசினேன்னு கேக்க நாக்கு வரைக்கும் வந்துச்சு.

அன்னையிலேர்ந்துதான் வாங்க ஆரம்பிச்சேன். எனக்கு ஒரே ஒரு தவளை வேணும் தம்பி. நூறும் சிக்காம சுடற தவளை ஒண்ணு. ஒண்ணு சுட்டுட்டா, டெல்மரோடதும் சுட்டிருக்கலாம்ல? அவ்வளவுதான். ஊரே எனக்குத் துப்பாக்கிப் பைத்தியம்னு நினைக்குது. நினைக்கட்டும்.

ஒம்பதாவது தவளை அறுபத்தொண்ணு வரைக்கும் போச்சு. நம்புவீங்களா? நாப்பதுலயே வாய் விட்டு எண்ண ஆரம்பிச்சிட்டேன். அம்பதுல, இனி ஒரு ஞாயித்துக்கிழமைகூட சர்ச்ச விடமாட்டேன் ஆண்டவரேன்னு வேண்டிக்கிட்டேன். அறுபதுல டெல்மர்கிட்ட மனசுக்குள்ளயே மன்னிப்புக் கேட்டுட்டேன். அறுபத்திரெண்டாவது குறுக்கால நின்னுக்கிட்டு முழிக்குது. மன்னிப்பத் திரும்ப வாங்கிக்கிட்டேன். வீட்டுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்தா ரோவீனா காபி குடுத்து, அறுபத்தொண்ணு நல்ல மார்க்குதானேன்னு முதுகத் தடவறா. அப்ப எனக்கு அந்த நீல ரிப்பன் ஞாபகம் வருது. மனசுல குத்தம் இருக்கறவ அதே தவளைய வாங்கிக் குடுப்பாளா? இல்ல, குத்தம் இருக்கறதாலதான் வாங்கிக் குடுத்தாளா? நான் என்கிட்டயே இப்படி ரெண்டு பக்கமும் வக்கீலா நின்னு வாதாடி, தீர்ப்பே சொல்லாம தூங்கிடுவேன். ஒம்போது வருஷம்.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிடுச்சு. சரி சரி.

இத்தன நாள் நான் என் கொட்டகைக்குப் பின்னாலதான் சுடுவேன். புல்லுக்காடு. சுட்ட தோட்டாவோட காலிக் கூடு எங்க விழுதுன்னு யாரு பாக்கறா? ரெண்டு வாரத்துக்கு முன்னால அங்க முழங்கால் சேறு, அதனால பதினோராவத எடுத்துக்கிட்டு இங்க வந்தேன். கோட்டக் கழட்டி அந்த டிராக்டர் சீட்டு மேல போட்டு, பக்கத்துல காபி டம்ளர வச்சேன். முப்பது தோட்டா சுட்டிருப்பேன். காபி குடிக்கலாம்னு எடுத்தா, உள்ள கிலுக்கு கிலுக்குன்னுது. நாலு பித்தளைக் கூடு மிதக்குமா, அடியில கெடக்கு. கோட்டப் பாத்தேன். காலர்ல, தோள்ல, அம்மை போட்ட மாதிரி பொட்டுப் பொட்டா தீஞ்சு போயிருக்கு.

வீட்டுக்கு ஓடி, மிச்சம் உசுரோட இருக்கற தவளை நாலையும் கொண்டு வந்து சுட்டேன். நாலும் அதே சீட்டுலதான் துப்புது. எப்படித்தான் குறி வைக்குதோ. முன்னால மேட்ட அடிக்கத் தெரியாத சனியன், பின்னால சீட்ட மட்டும் தப்பாம அடிக்குது.

உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. அடுப்புலேர்ந்து எடுத்த மாதிரி கொதிக்கும் தம்பி அந்தக் கூடு. நூறு சுட்டா, அங்க உக்காந்திருக்கற ஆளு மேல நாப்பது கூடாவது விழும். ஒண்ணு கழுத்து வழியா உள்ள போச்சுன்னா பாதிரியாரா இருந்தாலும் டான்ஸ் ஆடுவாரு. அன்னைக்கு அவ வீட்டுக்கு வந்து அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. ரோஜாச் செடி முள்ளு குத்தினா மூணு நாள் சொல்றவ அவ. அன்னைக்குப் போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டைய இன்னும் வச்சிருக்கா. அவ சந்தைக்குப் போனப்ப எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, இழை இழையாப் பாத்தேன். ஒரு ஓட்டை இல்ல. அம்பத்தேழு வயசு ஆம்பள பண்ற வேலையா இது?

மழைக்கோட்டு போட்டிருக்கலாம்தான். நானும் அதத்தான் சொல்லிக்கறேன். தள்ளி நின்னிருக்கலாம், டெல்மரோடது வேற மாதிரி துப்பியிருக்கலாம். பாருங்க, நீங்களும் என்னை மாதிரியே வாதாடறீங்க.

அதனாலதான் ஒரு உதவி. உங்களோடது புத்தம் புதுசு. இந்தாங்க, என் தோட்டாப் பெட்டி, சரியா நூறு. காசெல்லாம் வேண்டாம். நீங்க சுடுங்க, நான் அந்த சீட்டுல உக்காந்துக்கறேன். சட்டைப் பொத்தான் ரெண்டு கழட்டி விட்டுடறேன். உங்க தவளை சிக்காமப் போயி, என் மேல ஒண்ணுகூட விழாம இருந்துட்டா, உங்களுக்குப் பாதிப் பன்னிய வறுத்துப் போடறேன். கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்குங்க.

அதான் வண்டில அடிக்குது, என் ஃபோன்தான். அடிக்கட்டும். அவதான். நான் வந்ததுலேர்ந்து மூணாவது தடவ.

காலைல அவகிட்டயே கேட்டுட்டேன் தம்பி. அடுப்பு முன்னால முதுகக் காட்டிக்கிட்டு முட்டை பொரிச்சிக்கிட்டு இருந்தா. நான் டெல்மர் பேரக்கூட எடுக்கல. கேட்டதும் கை அப்படியே நின்னுச்சு. முட்டையோட ஓரம் கருகற வாசனை வருது, முப்பது வருஷத்துல அவ முட்டையக் கருக விட்டதில்ல. அவ திரும்பறதுக்குள்ள நான் சாவிய எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டேன். பதிலக் கேக்கற தைரியம் இல்ல, அதான் உண்மை.

என்ன கேட்டேனா? பெருசா ஒண்ணுமில்ல. ரோவீனா, அன்னைக்கு அந்தக் கூடெல்லாம் உன் மேல எங்க விழுந்துச்சும்மான்னு கேட்டேன்.