இஸ்திரி போட்ட பாடம்

“ஹலோ… ஹலோ… திருவனந்தபுரம் காலேஜா? யேசுதாசன் வாத்தியார் இருக்காரா? … நீருதானா? நான் பூதப்பாண்டி ஆறுமுகப்பெருமாள். குலசேகரனுக்க அப்பா.”

1937-இல் நாகர்கோவிலில் தொலைபேசி வைத்திருந்தவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவரான வக்கீலின் அறையில் ஆறுமுகப்பெருமாள் நின்றுகொண்டே பேசினார். நாற்காலி போட்டிருந்தார்கள், குறை சொல்ல வந்தவர் உட்காரக் கூடாது என்பது அவருடைய முறை.

“ஆமா, ஆமா… பார்சல் வந்தது. அதுக்குத்தான் விளிக்கேன். என்னவே இது மரியாதை? அம்மை போட்டுக் கண்ணு போனாலும் அவன் நம்ம குடும்பத்துப் பிள்ளை. பாடம்னு சொல்லி, ஒரு எழுத்துகூட இல்லாத வெறுங்கடுதாசி… மேலெல்லாம் பொரிப்பொரியா… மழையில நனைஞ்ச சரக்கா? … இரும், சொல்லி முடிக்கேன். அதை அப்படியே குடுத்தா நமக்குல்லா கொறச்சல்? துணி தேய்க்கிற ரத்தினத்த வரச்சொல்லி, நூத்துச்சொச்சம் தாளையும் இஸ்திரி போட்டு, வழுவழுன்னு ஆக்கித்தான் அவன் கையில குடுத்தேன்.”

கருவியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

“ஹலோ? … கேக்கேரா? … என்னது? … புள்ளியா? … விரலால தடவியா? … அதுதான் எழுத்தா?”

அவர் திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். போய்ச் சாத்தலாமென்றால் தொலைபேசிக் கம்பி எட்டாது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீரே குத்தினதா? … ரெண்டு மாசமா… ம்… ம்… இல்ல, அவன் சொல்லல்லை. நான் கேட்டதும் இல்ல. … என்ன சொன்னானா? ஒவ்வொரு தாளா தடவிப் பாத்தான். மொத்தக் கட்டையும் தடவினான் வே. பொறவு, ‘நல்லாருக்குப்பா’ன்னான்.”

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“திங்கக்கிழமை பரீச்சை… ஆமா, ஆமா. திருப்பிக் குத்த நாளில்லைதான். … வாசிச்சுக் காட்டணுமா? எங்க வீட்டுல யாரு… நான் வாசிக்கேன். … மெதுவாத்தான். … அவன் சொன்னா திருப்பியும் வாசிக்கணுமா? எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் அப்படி… சரி. வாசிக்கேன்.

ஒரு காரியம், வாத்தியாரே. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்கு எழுதிராதேயும். எனக்கே படிக்கணும்னு தோணிச்சு, சத்தமா படிச்சாத்தான் மனசுல நிக்கும்னு சொல்லிக்கிடுதேன். … சிரிக்கேரா? … சிரியும். அவனுக்க பெட்டியில நாலு அச்சுப் புத்தகம் கெடக்கு. அதுல எந்தப் பாடத்துக்குப் பரீச்சை? … ஹலோ? … ஹலோ?”

வெளியூர்ப் பேச்சுக்கு அனுமதித்த மூன்று நிமிஷம் முடிந்து இணைப்பு அறுந்திருந்தது. மகனிடம் கேட்கலாம், கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். செத்த கருவியைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

“சரி. நாலையும் வாசிச்சிர வேண்டியதுதான்.”