மூணு பன்னிரண்டுக்கு அருவி

– அந்த அருவியை எத்தனை மணிக்குப் பாக்கலாம்னு நெனச்சு எழுதின, வெண்டெல்? அதை மட்டும் சொல்லு.

– மூணு பன்னிரண்டுக்கு, மிஸ் ப்ளாஹா. உங்க அட்டவணையில அப்படித்தான் இருக்கு. சிகாகோவுலேருந்து மேற்கே போற வண்டி நம்பர் ஏழு, ஆட்டர் அருவி, மூணு பன்னிரண்டு. அதை வெச்சுத்தான் அட்டவணைப் புஸ்தகத்தோட பின்னட்டை விளம்பரமே. ‘ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் உட்கார்ந்து சூடான காபி, ஜன்னலுக்கு வெளியே பொன்வெயிலில் அருவி.’

– எழுத்தைப் பாரு. ஒல்லியா இருக்கா, தடியா இருக்கா?

– ஒல்லி.

– ஒல்லின்னா என்ன அர்த்தம்?

– மை கம்மின்னு நெனச்சேன்.

– மை கம்மி! இந்த நாட்டுல எந்த ரயில் அட்டவணையை எடுத்தாலும் நடுராத்திரியிலேருந்து மத்தியானம் வரை ஒல்லி எழுத்து, மத்தியானத்துக்கு மேல தடி எழுத்து. பக்கத்து அடியிலேயே போட்டிருக்கேனே.

– எறும்பு சைஸ்ல போட்டிருக்கீங்க. விடியறதுக்கு முன்னாடி அருவிப் பக்கம் வண்டி விடுவாங்கன்னு நான் கண்டேனா?

– சரி, நிதானமா சொல்லு. ஜனங்க என்ன செஞ்சாங்க?

– அறுபத்திமூணு கடுதாசி. ஒமாஹா ஊர்ப் பல் டாக்டர் ஒருத்தர், சம்சாரத்தையும் மாமியாரையும் எழுப்பி, கோட்டு மாட்டி ஜன்னலோரமா உக்கார வெச்சிருக்கார். கண்ணாடியில மூணு பேர் மூஞ்சிதான் தெரிஞ்சுதாம். மாமியார் அன்னையிலேருந்து அவர்கிட்ட பேசறதே இல்லையாம்.

– அது புகாரா, நன்றியா?

– ரெண்டாவது பக்கம் படிச்சாத்தான் தெரியும்.

– இன்னும்?

– டேவன்போர்ட் ஊர் டீச்சரம்மா ஒருத்தங்க. சாப்பாட்டுப் பெட்டி பூட்டியிருந்துதாம். ‘பொன்வெயிலையும் உள்ளேதான் வெச்சுப் பூட்டியிருக்கீங்களா?’ன்னு போர்ட்டரைக் கேட்டாங்களாம். சிரிக்காதீங்க, மிஸ் ப்ளாஹா! பத்து மணிக்கு நம்ம ஆபீஸ் பெரியவர் ஹேவர்காம்ப் கூப்பிட்டிருக்கார்.

– கூப்பிட்டா போ.

– வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. ரயில்வே உத்தியோகம்ங்கற ஒரே காரணத்துக்காகத்தான் லொரெய்னோட அப்பா எங்க கல்யாணத்துக்குத் தலையாட்டினார். சத்தியமா எங்கிட்ட வேற எந்த நல்லதும் அவர் கண்ணுக்குப் படலை.

– இப்ப என்னை என்ன செய்யச் சொல்ற?

– அச்சகத்துல எழுத்து மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா நம்புவார்.

– நான் போட்ட நேரம் சரி, அவங்க அச்சடிச்சதும் சரி. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நிமிஷம் பிசகினதில்லை. அதைப் போய் நானே தப்புன்னு சொல்லணுமா?

– அப்ப நான் தொலைஞ்சேன்.

– என் மேஜையில என்னத்தைக் குடையற?

– அச்சுக்கு முன்னாடி திருத்தின தாள். அதுலயாவது ஏதாவது... மிஸ் ப்ளாஹா.

– என்ன?

– விளம்பரத்துக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு.

– இருக்கும். எல்லாப் பக்கமும் எங்கிட்டதான் வரும்.

– ‘பொன்வெயில்’ மேல பென்சில் கோடு. ஓரத்துல ‘மூணு பன்னிரண்டு, ஒல்லி’ன்னு எழுதி அழிச்சிருக்கு.

– மட்டமான ரப்பர்.

– நீங்க பாத்திருக்கீங்க! பாத்துட்டு விட்டிருக்கீங்க!

– கத்தாதே. ஒன்பது மணிக்கே உள்ள போய், தெரிஞ்சேதான் விட்டேன்னு பெரியவர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். அவர் மூஞ்சி சிவந்ததைப் பாத்தா எனக்குத்தான் ஓய்வு தேதி முன்னாடி வரும். உன்னைக் கூப்பிட்டது அடுத்த பதிப்புக்குப் படம் பேச.

– நிஜமா? என் வேலை...

– பத்திரம். போய் ஏதாவது ஏரியை எழுது. பகல்ல வர்றதாப் பாரு.

– ஆனா ஏன் மிஸ் ப்ளாஹா? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?

– நீ ஒண்ணும் செய்யலை. ஜனங்க பின்னட்டைப் படத்தைப் பாக்கறாங்க, மடிச்சு விசிறிக்கறாங்க, நேரத்தை மட்டும் டிக்கெட் ஜன்னல்ல வந்து கேக்கறாங்க. உள்பக்கத்தை எவனாவது படிக்கிறானான்னு எனக்குத் தெரிஞ்சதே இல்லை. அந்தக் கடுதாசிக் கட்டை இங்க குடு, வெண்டெல். அறுபத்திமூணு பேர் சரியா அந்த நேரத்துக்கு முழிச்சிருக்காங்கன்னா, அறுபத்திமூணு பேர் என் ஒல்லி எழுத்தைப் படிச்சிருக்காங்க.