பஞ்சுக் குழாயும் செவப்புக் கோடும்

தூங்கிட்டாருன்னு யாரு இன்ஸ்பெக்டரய்யா சொன்னது? அக்பர் பாஷா மேஸ்திரி தூங்கல. நா எதுத்தாப்ல தான் நின்னுக்கினு இருந்தேன். எம் பேரா? தேவானைங்க. நாலு வருசமா இந்தப் பஞ்சு மில்லுலதான் வேல.

இதோ, இந்தத் தகரக் குழாய்தான். இங்க நாங்க பஞ்ச வாரிப் போட்டா, உள்ள சுத்துற காத்தாடி இஸ்துக்கினு போய் அந்தாண்ட ரூம்புல கொட்டும். குழாய்க்குள்ள ஒரு பலக தொங்குது. பஞ்சு நெறைய போனா பலக தூக்கும், வெளிய கடியாரம் மாதிரி கீற தட்டுல முள்ளு ஏறும். கொறஞ்சா எறங்கும். அடச்சுக்கிச்சின்னா தொப்புனு வுழுந்துடும், அதப் பாத்து மேஸ்திரி ஒடனே மிஷின நிறுத்திடுவாரு. அவ்ளோதான்யா.

சண்ட வந்ததுலருந்து பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் பஞ்சு, பஞ்சுன்னு ஒரே வெரட்டு. மானேஜர் அந்தத் தட்டுல செவப்பு மையில கோடு போட்டாரு. முள்ளு அதுக்குக் கீழ எறங்கிச்சின்னா, வாரிப் போடுறவ வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். ரெண்டு பேர தொரத்திட்டாரு.

என்கூட வாரிப் போட்டவ செண்பகம். ஏழு மாசம் அவளுக்கு. குனிஞ்சு நிமுந்தா மூச்சு வாங்கும். ரங்கூன் போன புருசன் உசுரோட கீறானா இல்லியான்னே தெரியல. இவளும் வூட்ல குந்திக்கினா சோத்துக்கு இன்னா பண்ணுவா?

நெருப்பு புடிச்ச அன்னிக்குக் கால்வாய்ல படவுல வந்த பஞ்சு பூரா ஈரம். உள்ள போய் அப்பிக்கிச்சி. ஆனா முள்ளு எறங்கல. அது ஒசரத்துல நின்னா மேஸ்திரி இன்னா நெனைப்பாரு? பஞ்சு ஓடுதுன்னுதான. காத்தாடி சிக்கிக்கினு, தோல் வாரு தேஞ்சி பொறி பறந்துச்சி. காஞ்ச மூட்டைல பட்டு குப்புனு புடிச்சிக்கிச்சி. நா வெளிப்பக்கம் குதிச்சிட்டேன். அவளால ஓட முடியல. மேஸ்திரிதான் நெருப்புக்குள்ள பூந்து இஸ்தாந்தாரு.

உசுரு கீதுய்யா. வயித்துப் புள்ளையும் பரவால்லியாம். ரெண்டு கையும்தான்... வெரலு தேறாதுன்னுட்டாங்க.

இன்னா? மேஸ்திரி முள்ளப் பாக்கலன்னு மானேஜர் எழுதிக் குடுத்துட்டாரா? அவரு மேல கேஸா? ஐயோ, அந்த மனுசன் பாத்துக்கினேதான் இருந்தாரு.

முள்ளு எப்டிய்யா எறங்கும்? நெருப்பு புடிச்சதுக்கு மொத நாளு அது கோட்டாண்ட வந்து ஆடிச்சி. மானேஜர் செண்பகத்த மொறச்சிட்டுப் போனாரு. சாப்பாட்டு மணி அடிச்சி எல்லாரும் வெளிய பூட்டாங்க. நாந்தான் முள்ளுக்குப் பின்னால கம்பி சுத்தி, கோட்டுக்குக் கீழ எறங்காம கட்டி வச்சேன்.

அவளாண்ட இன்னும் சொல்லல.