பச்சை அடித்த வரி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு தாளை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். போகும்போது செய்து தருகிறேன். டீ சூடாக இருந்தது, நன்றி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் தங்கை. அவளுக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை ஒன்றரைக் கரண்டி. வேண்டாம் என்பாள், அதைக் காதில் வாங்க வேண்டாம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆலையில் நான் பிளானிங் இன்ஜினியர். வருடத்துக்கு ஒருமுறை ஆலையை மொத்தமாக நிறுத்தி, திறந்து, கழுவி, பழுது பார்த்து மூடுவோம். ஷட்டவுன் என்பார்கள். எந்த வேலை எதற்குப் பிறகு, யார் எங்கே, எப்போது என்று சொல்வது நான்.

அதற்கு ஒரு மென்பொருள் உண்டு. ஒவ்வொரு வேலையையும் அதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலையோடு அதில் கட்டிவிடுவோம். முன்னது ஒரு நாள் தள்ளினால் பின்னது தானாகத் தள்ளிப்போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது போடும் படத்தை அச்செடுத்து விரித்தால் அதன்மேல் ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம். கன்ட்ரோல் ரூமில் மட்டும் திரையில் வைத்துப் பார்ப்பார்கள். ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் அது ஆகாது. அவர்களுக்காக நான் தினமும் சாயங்காலம் தேதிகளை எக்செல்லுக்கு மாற்றி, ஒரே பக்கத்தில் அடக்கித் தருவேன். முடிந்த வேலைக்குப் பச்சை. கருவி அறைச் சுவரில் அந்தத் தாள் தொங்கும். என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது.

ஒரே ஒரு சங்கதி. எக்செல்லுக்குத் தேதி மட்டும்தான் வந்து சேரும், கட்டு வராது. ஒரு வரியைத் தள்ளினால் அடுத்த வரி தன்பாட்டுக்கு இருந்த இடத்தில் இருக்கும். அதையும் கையால் தள்ள ஓர் ஆள் வேண்டும். இத்தனை வருடத்தில் என் கையில் ஒரு தேதி பிசகியதில்லை. "அவர் தாள்ல போட்டா கல்லுல எழுதின மாதிரி" என்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப் போவதற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தங்கையை வளர்த்ததும் நான்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பால் பல் விழுகிற வயது. தலை பின்னக் கற்றுக்கொண்டேன். என்ன படிக்க வேண்டும், எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்தேன். அவளும் ஒன்றுக்கும் மறுப்பு சொன்னதில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு இடம் இருக்கவில்லை.

மாப்பிள்ளையை வீட்டுக்குள் கூட்டி வந்ததும் நான்தான். ஆலையில் ஃபிட்டர்களுக்கு சூப்பர்வைசர். ஒருநாள் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் நின்றான், வா என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்கள்.

அவன் நல்லவன், அதைச் சொல்லியாக வேண்டும். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் அவனிடம் போன பிறகு அவள் மாறினாள். டீக்குச் சர்க்கரையை நிறுத்தினாள். வாய்விட்டுச் சிரித்தாள், எங்கள் வீட்டில் அப்படி யாரும் சிரித்ததில்லை. தன் மகள் பாப்பாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதெல்லாம் அவள் தானாகச் செய்கிற காரியமா? உள்ளுக்குள் அவள் படும் பாடு எனக்குப் புரிந்தது. பெற்றவர்கள் இருந்திருந்தால் அவர்களுக்கும் புரிந்திருக்கும்.

ஷட்டவுனுக்குக் கொஞ்ச நாள் முன்னால், மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் சொன்னான்.

"மச்சான், எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. கப்பல் பழுது பாக்குற இடம். ஷட்டவுன் முடிஞ்சதும் கிளம்புறோம்."

"எல்லாருமா?"

"பின்ன? இவங்களை இங்க விட்டுட்டு நான் மட்டும் அங்க போய் என்ன பண்ண?" என்று சிரித்தான்.

"நீங்களும் லீவு போட்டு ஒரு வாரம் வந்து இருங்கண்ணா" என்றாள் தங்கை.

ஒரு வாரம். எனக்கு அவள் ஒதுக்கியது அது. புதிதாக ஒரு நீலப் பெட்டி வாங்கியிருந்தார்கள், சக்கரம் வைத்தது. பாப்பாவை அதன்மேல் உட்கார வைத்து அவன் கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு ஓட, தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மென்பொருளில் சில வேலைகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் எதுவும் கட்டப்பட்டிருக்காது. நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒருவருக்கும் நட்டமில்லை. அவற்றைத் தேடிப் பிடித்து நீக்குவதும் என் வேலைதான். அன்று தட்டைக் கழுவும்போது, இனி நானும் அப்படித்தான் என்று தோன்றியது. அழுகை வந்தது. சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன்.

ஆனால் அதற்காக இதைச் செய்யவில்லை. அவளுக்காகச் செய்தேன். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷட்டவுனில் மாப்பிள்ளையின் ஆட்களுக்குப் பெரிய தொட்டிக்குள் இறங்கும் வேலை. அந்தத் தொட்டிக்கு ஒரு நைட்ரஜன் குழாய் வருகிறது. ஆள் இறங்குவதற்கு முன்னால் அந்தக் குழாயை ஓர் இரும்புத் தகடு வைத்து அடைக்க வேண்டும். நைட்ரஜனுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. நாம் இழுக்கிற மூச்சில் பெரும்பங்கு அதுதான். அது மட்டுமே இருந்தால்தான் கஷ்டம்.

தகடு அளவு மாறி வந்துவிட்டது. அடைப்பு வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. மென்பொருளில் அதைத் தள்ளினேன். தொட்டியில் இறங்கும் வேலையும் தானாகத் தள்ளிப்போனது. பிறகு எக்செல்லைத் திறந்தேன். எல்லா வரிகளையும் மாற்றினேன், தொட்டி வரியை மட்டும் மாற்றவில்லை.

கம்பெனி விசாரணையில் இதை ஓர் அலுவலகப் பிசகு என்று எழுதினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று என் மேலாளர் தோளில் தட்டினார். நானும் தலையாட்டினேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. மறக்கவில்லை. பார்த்துக்கொண்டே அந்த வரியைத் தாண்டிப் போனேன்.

இன்னொன்றும் உண்டு. தகடு வரிக்குப் பழைய தேதியையே திருப்பிப் போட்டுப் பச்சை அடித்தேன்.

மறுநாள் காலையில் கன்ட்ரோல் ரூம் மென்பொருளைப் பார்த்தது. தொட்டியில் இன்று ஆளில்லை என்று அதில் இருந்தது. தொட்டி ஆட்கள் என் தாளைப் பார்த்தார்கள். தகடு போட்டாயிற்று, இறங்கலாம் என்று அதில் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி குழாய்ப் பாலத்தின் மேல் ஏறித் தகட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுமதி தர வேண்டும். அவருக்கு முழங்கால் வலி. தொட்டியின் வாயில் காற்றைச் சோதித்தார், அப்போது நன்றாகத்தான் இருந்தது. தாளில் பச்சையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை முதல் ஆளாக இறங்கினான். அவன் எப்போதும் அப்படித்தான், தன் ஆட்களை முன்னால் விட மாட்டான். அதுவும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பக்கத்து வேலைக்காகக் கன்ட்ரோல் ரூமில் நைட்ரஜனைத் திறந்தார்கள். திரைப்படி அது சரியான நேரம். ஆலை முழுவதும் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் என் மேசையில் இருந்தேன்.

வலித்திருக்காது. இரண்டு மூச்சு, அவ்வளவுதான்.

அவனைத் தூக்க 'கண்ணாடி' என்று நாங்கள் கூப்பிடும் ஃபிட்டர் உள்ளே குதித்தான். அவனும் வரவில்லை. அது நான் நினைத்ததில்லை. கூட வேலை செய்பவனுக்காக ஒருவன் அப்படிக் குதிப்பான் என்று எந்த வரியில் எழுதி வைப்பது? அவன் வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்றிருந்தேன். ஷட்டவுன் நெருக்கடியில் முடியவில்லை. பிறகும் முடியவில்லை.

பாதுகாப்பு அதிகாரிக்கு வேலை போயிற்று. அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஜன்னலைக் கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னுதுதான் சார். மேல ஏறிப் பார்த்திருக்கணும். ரெண்டு குடும்பத்தைக் கெடுத்துட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மனசைத் தேத்திக்கோங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

தங்கையும் பாப்பாவும் மாடியிலிருந்து கீழே வந்துவிட்டார்கள். பழையபடி அவளுக்கு எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவை நல்ல பள்ளிக்கு மாற்றினேன். தங்கை இப்போது சிரிப்பதில்லை, அதிகம் பேசுவதும் இல்லை. அமைதி திரும்பியிருக்கிறது. டீயில் நான் போடும் சர்க்கரையை ஒன்றும் சொல்வதில்லை. கோப்பை மட்டும் அப்படியே ஆறிக் கிடக்கும்.

ஒரே ஒருமுறை கேட்டாள். நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, தொட்டி வேலை தள்ளிப்போச்சுன்னு கன்ட்ரோல் ரூம்ல பாத்துட்டு வந்து முந்தின நாளே அவரு சொன்னாரே. காலைல கூட, போகணுமான்னு கேட்டேன். 'உங்க அண்ணன் தாள்ல இன்னைக்குன்னு போட்டிருக்காராம், போன் வந்துச்சு. அவர் போட்டா சரியாத்தான் இருக்கும்'னுட்டுப் போனாரு."

"என் தாள்ல தப்பு வராதும்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போனாள்.

உண்மையைத்தான் சொன்னேன். அன்று நான் நினைத்தது ஒன்று விடாமல் தாளில் இருந்தது.

மென்பொருள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும், யார் எதை எந்த நேரத்தில் மாற்றினார்கள் என்று. அதைச் சுவரில் தொங்கிய தாளோடு சேர்த்துப் பார்க்கும்படி யாரோ உங்களுக்கு மனு எழுதியிருக்கிறார்கள். யார் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆலையில் எனக்கு வேண்டாதவர்கள் உண்டு. தங்கை காதுக்கு அதெல்லாம் போக வேண்டாம், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். முதலில் அழுவாள். பிறகு, எல்லாம் தனக்காகத்தான் என்று புரிந்துகொள்வாள். நான் வளர்த்த பிள்ளை.

எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கையின் கணவனை நான் கொன்றேன். கூடவே இன்னொருவனும் போனான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

என்னை இன்று வீட்டுக்கு விட மாட்டீர்கள் என்று தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, பாருங்கள், எனக்குத் துணிமணி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பள்ளி நாளில் பாப்பாவை எதற்குக் கூட்டி வந்தாள் என்றுதான் தெரியவில்லை. அந்த நீலப் பெட்டியையே எடுத்து வந்திருக்கிறாள். என் நாலு சட்டைக்கு எதற்கு அவ்வளவு பெரிய பெட்டி?