நாற்பதாயிரம் சொற்களும் என் சுட்டுவிரலும்

உன் அப்பாவுக்குத் தேநீர் ஆறினால் பிடிக்காது. அதனால்தான் நான்கு மணிக்கு வேலையைத் தொடங்கி நாலரைக்கே நிறுத்திவிடுவோம். நிறுத்தியதை மறுபடி தொடங்குவது எங்கள் இருவருக்கும் கைவராத கலை. ஆகவே, வேலை இழுத்துக்கொண்டே போவதற்கு நான் ஒருவனே காரணம் என்று நீ சொல்வது கொஞ்சம் அநியாயம். இருந்தாலும், நடந்ததை எழுதித் தரச் சொன்னாய். தருகிறேன்.

வேலை உனக்குத் தெரிந்ததுதான். அச்சில் வரி முடிகிற இடத்தில் ஆங்கிலச் சொல் அடங்காவிட்டால், அதை வெட்டி, ஒரு சிறு கோடு போட்டு, மிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும். கண்ட இடத்தில் வெட்டக் கூடாது. 'ஃபாதர்' (father) என்பதை ஓர் எழுத்து தள்ளி fat-her என்று வெட்டினால் மேல்வரியில் கொழுப்பு நிற்கும். கீழ்வரியில் யாரோ ஒரு பெண் நிற்பாள். ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற உன் அப்பா, இப்படி நாற்பதாயிரம் சொற்களை அசை பிரித்து, வெட்டும் இடங்களில் புள்ளி வைத்து, ஓர் அகராதியே எழுதிவிட்டார். என் மனைவி, அதாவது உன் அத்தை, இறந்த வாரம் தங்கைக்காக அழ வந்தவர், எனக்குத் துணையாக இங்கேயே தங்கி அதை எழுதினார். நான் முப்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். பொருத்தம் அப்படி.

எங்களுடையது பழைய முறை. அவருடைய கையெழுத்துப் பிரதியை நான் உரக்க வாசிப்பேன். புள்ளி வரும் இடத்தில் சுட்டுவிரலால் மேசையில் ஒரு தட்டு. அவர் எதிரே அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். என் தட்டும் அச்சும் ஒத்துப்போகாவிட்டால் பேனாவால் திருத்துவார்.

ஒருநாள் நீ போன் செய்தாய். "புக்கு முடிஞ்சதும் அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடறேன் மாமா. நீங்களும் ஃப்ரீயா இருங்க." நல்ல எண்ணம்தான். அன்று சாயங்காலம் 'பி' எழுத்துச் சொற்களில் என் விரல் ஓர் எழுத்து முந்திவிட்டது. தெரிந்தேதான் முந்தியது.

சரியாக இருந்த அச்சை அவர் தப்பாகத் திருத்தினார். அடுத்த புரூஃபில் அது அப்படியே வந்தபோது நானே கண்டுபிடித்து அதிர்ச்சியடைந்தேன்.

"என்ன மச்சான், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட இங்க வெட்டாதே?"

"நானா போட்டேன்?"

"போன புரூஃப்ல திருத்தின கையெழுத்தைப் பாருங்க."

பார்த்தார். அவருடையதுதான்.

எனக்குப் பேராசை கிடையாது. பக்கத்துக்கு ஒரு தப்புக்கு மேல் போனதில்லை. அதற்கே ஐந்து புரூஃப் ஆகிவிட்டது. உன் அப்பா முதலில் கண்ணாடியை மாற்றினார். பிறகு டாக்டரைப் பார்த்தார்; துணைக்கு நான்தான் போனேன். ஞாபகசக்திக்கு மாத்திரை கொடுத்தார்கள். வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பவனும் நான்தான். ஒரு வேளை தவறியதில்லை, வேண்டுமானால் அட்டையை எண்ணிப் பார்த்துக்கொள்.

ஒருநாள் பேனாவை என் பக்கம் தள்ளினார். "மாப்ளே, என் கையையே நம்ப முடியல. நீங்களே திருத்திடுங்க."

இளகிய மனசு எனக்கு. "விடுங்க மச்சான், புக்கு என்ன ஓடியா போகுது?" என்று தேற்றி, பேனாவை அவர் கையிலேயே திணித்தேன். என் கையெழுத்தில் தப்பு வந்தால் நன்றாக இராதே.

எல்லாம் அவர் நன்மைக்குத்தான். புத்தகம் முடிந்துவிட்டால் மனிதர் என்ன செய்வார்? உன் வீட்டு ஆறாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகிற வண்டிகளை அசை பிரித்துக்கொண்டிருப்பார். எனக்கென்ன, தனியாக இருக்கச் சொன்னால் இருந்துவிட்டுப் போகிறேன். இதுவரை இருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் நீ வந்தபோது என் தோளுக்குப் பின்னால் நின்று, பிரதியையும் விரலையும் சேர்த்துப் பார்த்துவிட்டாய். கெட்டிக்காரி. நேற்றுக் காலை போனில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியும்விட்டாய். அவர் போனை வைத்துவிட்டு நேரே சமையலறைக்கு வந்தார்.

"மாப்ளே, பொண்ணு என்னமோ சொல்றாளே, நீங்க வேணும்னே தப்பாத் தட்டறீங்களாம்?"

"எப்போ சொன்னா?"

"இப்பதான், போன்ல."

"காலையிலேர்ந்து போனே அடிக்கலியே மச்சான்" என்றேன்.

வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானாகவே போய் மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

நீயே சொல், இந்த நிலைமையில் அவரை உன்னோடு எப்படி அனுப்புவேன்?